கழகங்கள் கைவிட்ட போக்கி இயந்திரங்கள் எங்கே போயின?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா மாநிலத்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக்கி எனப்படும் சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்திலிருந்து விலகி வருவதை நம்மவர்கள் பலரும் மகிழ்ச்சியோடு பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கழகம் விலகிய பிறகு அந்த இயந்திரங்கள் எங்கே போயின என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலும் அவற்றின் உரிமங்கள் இன்னொரு நடத்துநருக்கு விற்கப்பட்டன; இயந்திரங்கள் அதே மண்டபத்திலோ வேறொரு மண்டபத்திலோ இயங்கிக்கொண்டிருக்கின்றன. கழகத்தின் ஆண்டறிக்கையிலிருந்து ஒரு வரி நீங்கியிருக்கிறது என்பதற்காக ஒரு புறநகரில் மக்கள் இழக்கும் பணம் குறைந்துவிட்டது என்று கொள்ள முடியாது. அந்த இடைவெளியைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

அவுஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காகச் சிறிது பின்னணி சொல்லவேண்டும். இங்கே எல்லோரும் போக்கி என்றே அழைக்கும் மின்னணுச் சூதாட்ட இயந்திரங்கள் கசினோவுக்குள் மட்டும் இருப்பவை அல்ல. புறநகர் மதுச்சாலைகளிலும், முன்னாள் படைவீரர் சங்கங்களிலும், பந்து உருட்டும் கழகங்களிலும், விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் உணவகங்களிலும் அவை வரிசையாக நிற்கின்றன. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1956-இலேயே பதிவு பெற்ற கழகங்களுக்கு அவற்றை அனுமதித்துவிட்டது. அங்கே ரக்பி லீக் அணிகளுக்குப் பின்னால் நிற்கும் பெரிய லீக்ஸ் கிளப்புகள் வளர்ந்தது அந்தப் பணத்தில்தான். விக்டோரியா முப்பத்தைந்து ஆண்டுகள் மறுத்து நின்றது. 1990-இல் பிரமிட் என்ற வீட்டுக்கடன் சேமிப்புச் சங்கம் சரிந்து, மாநில வங்கியும் விற்கப்பட்டு, கருவூலம் காலியாகிக் கிடந்த வேளையில் ஜோன் கேர்னரின் தொழிற்கட்சி அரசு 1991-இல் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே முதல் இயந்திரங்கள் வந்திறங்கின. அவ்வாண்டு இறுதியில் ஆட்சிக்கு வந்த ஜெஃப் கென்னட்டின் அரசு அவற்றை மாநிலமெங்கும் பரவவிட்டது.

கழகங்கள் ஏன் அவற்றைத் தேடிப் போயின என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட லீக்கில் ஆடும் விக்டோரியாவின் பத்து அணிகளும் தனியொரு முதலாளியின் சொத்து அல்ல. அவை உறுப்பினர்களின் கழகங்கள். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் அவற்றுள் பல கடனில் மூழ்கிக் கிடந்தன. ஃபுட்ஸ்கிரே கழகத்தை 1989-இல் ஃபிட்ஸ்ரோயுடன் இணைத்துவிட முடிவாகி, மக்கள் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கி அதைக் காப்பாற்றினார்கள். 1996-இல் மெல்பேர்ண் கழகமும் ஹோதோர்ன் கழகமும் இணையும் நிலைக்கு வந்து, மெல்பேர்ண் உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டும் ஹோதோர்ன் உறுப்பினர்கள் மறுத்ததால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் ஃபிட்ஸ்ரோய் உண்மையிலேயே மறைந்தது. அதன் பெயரின் எச்சம் பிறிஸ்பேன் அணியோடு ஒட்டிக்கொண்டது. நூறு ஆண்டு வரலாறு கொண்ட கழகம் ஒரே பருவத்தில் இல்லாமற்போனதைப் பார்த்த நிர்வாகிகளிடம், மாதந்தோறும் தவறாமல் பணம் தரும் ஒரு பெட்டியை யாராவது காட்டினால் அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகமே. அந்தக் காலத்து முடிவை நான் இன்று பழிக்க வரவில்லை. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பதே என் வாதம்.

அந்தப் பெட்டி எவ்வாறு பணம் தருகிறது என்பதை நம்மவர்களில் விளையாடுகிறவர்களே சரியாக அறிந்திருப்பதில்லை. விக்டோரியாவின் விதிப்படி ஓர் இயந்திரம் குறைந்தது 87 வீதத்தைத் திருப்பித் தரவேண்டும். இதைக் கேட்பவர், நூறு டொலரோடு உட்கார்ந்தால் எண்பத்தேழு டொலரோடாவது எழுந்து போகலாம் என்று எண்ணிக்கொள்கிறார். கணக்கு அப்படி நடப்பதில்லை. கழிவு எடுக்கப்படுவது கொண்டுவந்த பணத்திலிருந்து அல்ல. ஒவ்வொரு அழுத்தலின்போதும் வைக்கப்படும் பந்தயத்திலிருந்து. மூன்று நொடிக்கு ஒரு தடவை ஒரு டொலர் வீதம் அழுத்துகிறவர் ஒரு மணி நேரத்தில் 1,200 டொலர் பந்தயம் கட்டிவிடுகிறார். இயந்திரம் 90 வீதம் திருப்பிக் கொடுப்பதாகவே வைத்துக்கொண்டாலும், சராசரியாக மணிக்கு 120 டொலர் போய்விடும். பந்தயத்தின் உச்சவரம்போ அழுத்தலுக்கு ஐந்து டொலர். ஒரு டொலர் வைத்து நாற்பது சதம் திரும்பி வந்தாலும் இயந்திரம் இசை ஒலித்து, விளக்கு மின்ன, வென்றவரைப் போலப் பாராட்டுகிறது. அறுபது சதம் தோற்றவர் வென்றதாக நம்பி மறுபடியும் அழுத்துகிறார். இது தற்செயலாக அமைந்ததல்ல, அப்படியே வடிவமைக்கப்பட்டது.

இந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2010-இல் மத்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், இயந்திரங்களில் செலவாகும் தொகையில் ஏறத்தாழ 40 வீதம் சூதாட்டத்துக்கு அடிமைப்பட்டவர்களிடமிருந்து வருகிறது என்று மதிப்பிட்டது. அதாவது, வார இறுதியில் பொழுதுபோக்காகப் பத்து டொலர் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறவரைக் காட்டி இத்தொழிலை நியாயப்படுத்துகிறார்கள். ஆனால் தொழிலின் பெரும் பகுதி நிற்பது எழுந்து போக முடியாதவரின் தோளில். 2022-23 நிதியாண்டில் விக்டோரியாவில், கசினோவைச் சேர்க்காமலே, இவ்வியந்திரங்களில் மக்கள் இழந்த தொகை மூன்று பில்லியன் டொலரைத் தாண்டியது. பிரிம்பாங்க், கேசி, பெருநகர டண்டினோங் ஆகிய மாநகர சபைகளின் எல்லைக்குள் ஆண்டு இழப்பு ஒவ்வொன்றிலும் நூறு மில்லியன் டொலருக்கு மேல். டண்டினோங்கிலும் கேசியிலும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வந்திறங்கிய புதிதில் வாடகை மலிவு என்று குடியேறுகிற இடங்களும், தொழிற்சாலை இரவு வேலை முடித்து வருகிறவர்கள் வாழும் இடங்களும் இவைதாம்.

கழகங்களின் மண்டபங்கள் எங்கே இருந்தன என்று ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். ஜீலோங் கழகம் தன் ஊரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தள்ளிப் பொயின்ற் குக்கில் மண்டபம் நடத்தியது. நகரின் உட்பகுதியைச் சேர்ந்த கார்ல்ரன் லாவர்ரனிலும், எசென்டன் மெல்ரனிலும், கொலிங்வூட் கரோலைன் ஸ்பிறிங்ஸிலும் நடத்தின. ஹோதோர்னுக்கும் கரோலைன் ஸ்பிறிங்ஸில் ஒன்று இருந்தது. இன்னொன்று டண்டினோங்குக்குப் பக்கத்தில் மல்கிரேவில் வேகஸ் என்ற பெயரில் நடந்தது. இவற்றை அவர்கள் திறந்தது தங்கள் ரசிகர்கள் பரம்பரையாக வாழும் வசதியான தெருக்களில் அல்ல. பெரும்பாலும் புதிய வீடுகளும் புதிய கடன்களும் நிறைந்த விளிம்புப் புறநகர்களில்தான் திறந்தார்கள். ஜெஃப் கென்னட் முதலமைச்சராக இருந்து இயந்திரங்களைப் பரவவிட்டவர்; பின்னர் மனச்சோர்வு பற்றிய விழிப்புணர்வுக்காக பியோண்ட் புளூ அமைப்பை 2000-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர்; அதே காலத்திலும் அதன் பின்னரும் இரு தடவைகளாக ஹோதோர்ன் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். மூன்றும் ஒரே மனிதரின் வாழ்க்கைக் குறிப்பில் அடுத்தடுத்து இடம்பெறுவதைப் பார்த்து இந்த நாட்டில் அதிகம் பேர் வியப்படையவில்லை. எனக்கு அதுதான் வியப்பு.

கழகம் என்ற பெயருக்கு வரிச் சலுகையும் உண்டு. மதுச்சாலை நடத்துநர் தம் இயந்திர வருமானத்தில் 8.33 வீதத்தைச் சமூக ஆதரவு நிதிக்குக் கூடுதலாகச் செலுத்தவேண்டும். கழகமோ அதே அளவு தொகையைச் சமூகப் பயனுக்குச் செலவிட்டதாக ஆண்டுதோறும் ஓர் அறிக்கை கொடுத்தால் போதும். அந்த அறிக்கையில் சமூகப் பயன் என்று எவற்றையெல்லாம் காட்டலாம் என்று பார்த்தால், நன்கொடைகளோடு ஊழியர் சம்பளமும் மண்டபத்தை நடத்தும் செலவும் இடம்பெறலாம். ஒரு நிறுவனம் தன் பணியாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் மின்கட்டணம் கட்டுவதும் சமூகத் தொண்டு என்றால், நம் ஊர்க் கடைக்காரர் எல்லோருமே வள்ளல்கள்தாம். ஆகவே, போக்கிப் பணம் இல்லாவிட்டால் சிறுவர் விளையாட்டு நின்றுபோகும் என்று சொல்லப்படும்போது, அந்தப் பணத்தில் எவ்வளவு உண்மையிலேயே சிறுவர் மைதானத்துக்குப் போனது என்ற கணக்கைக் கேட்பது தவறாகாது.

போக்கி இல்லாமல் கழகம் வாழ முடியுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. விக்டோரியக் கழகங்களிலேயே வசதி குறைந்தவற்றுள் ஒன்றான நோர்த் மெல்பேர்ண், 2007 இறுதியில் கோல்ட் கோஸ்ற் நகருக்கு இடம்பெயரும்படி லீக் விடுத்த அழைப்பை மறுத்துத் தன் சொந்த மண்ணிலேயே நிற்க முடிவெடுத்தது. மறு ஆண்டிலேயே அது போக்கி வருமானத்தையும் உதறியது. பணம் மிகவும் தேவைப்பட்ட வேளையில் பணக்காரக் கழகங்கள் செய்யத் துணியாததை அது செய்தது. அதற்குப் பின் 2010-இல் அது தொடங்கிய ஹடில் என்னும் திட்டம், அகதிகளாகவும் புலம்பெயர்ந்தோராகவும் வந்த குடும்பங்களின் இளைஞருக்குக் கல்வி ஆதரவு தருகிறது. இத்தனைக்கும் நோர்த் மெல்பேர்ண் எந்த உதவியும் இன்றித் தனித்து நின்றது என்று நான் சொல்லமாட்டேன். ஹோபார்ட்டில் சில ஆட்டங்களை ஆடுவதற்குத் தஸ்மேனியாவிலிருந்து பணம் பெற்றது, லீக்கின் நிதிப் பகிர்விலும் சார்ந்திருந்தது. ஆனால் அந்தப் பணம் எவருடைய வீட்டு வாடகையிலிருந்தும் வரவில்லை.

நோர்த் மெல்பேர்ணுக்குப் பத்து ஆண்டுகள் கழித்தே மற்றவர்கள் அசைந்தார்கள். கொலிங்வூட்டும் மெல்பேர்ணும் 2018-இல் விலகும் முடிவை அறிவித்தன. ஜீலோங்கும் வெஸ்ரேர்ண் புல்டோக்ஸும் அவ்வழியே வந்தன. அதன் பின் நடந்ததைப் பாருங்கள்: 2021-இல் மெல்பேர்ண், 2022-இல் ஜீலோங், 2023-இல் கொலிங்வூட் என மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக வெற்றிக் கிண்ணம் இக்கழகங்களுக்கே போனது. இதை வைத்துப் பெரிய வாதம் கட்டவும் நான் விரும்பவில்லை. 2024-இலும் 2025-இலும் வென்ற பிறிஸ்பேன் லயன்ஸ் தன் ஊரில் இயந்திர மண்டபம் நடத்திய கழகம்தான். போக்கியை விட்டால் வெற்றி வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் போக்கியை விட்டால் தோல்விதான் என்று இனி எவரும் சொல்ல முடியாது. மேற்கு அவுஸ்திரேலியாவைப் பார்த்தவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும். அந்த மாநிலத்தில் பேர்த் கசினோவுக்கு வெளியே ஓர் இயந்திரமும் கிடையாது. அங்கிருந்து 1987-இல் லீக்கில் சேர்ந்த வெஸ்ற் கோஸ்ற் ஈகிள்ஸ் நான்கு கிண்ணங்களை வென்று, நாட்டின் செல்வம் மிக்க கழகங்களில் ஒன்றாக நிற்கிறது.

தொண்ணூறுகளின் பஞ்சமும் இன்று இல்லை. 2025 முதல் 2031 வரையான ஒளிபரப்பு உரிமைக்கு லீக் பெறும் தொகை 4.5 பில்லியன் டொலர். கொலிங்வூட்டின் உறுப்பினர் தொகை 2023-இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு வருவாய் இருக்கும்போது லாவர்ரனிலோ மெல்ரனிலோ ஒரு முதியவரின் ஓய்வூதியத்தில் கை வைத்துத்தான் பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இனி என் முதல் கேள்விக்கு வருகிறேன். விக்டோரியாவில் கசினோவுக்கு வெளியே இயந்திர உரிமங்களின் மொத்த எண்ணிக்கை 27,372 என்று அரசு வரையறுத்து வைத்திருக்கிறது. கசினோவின் 2,628-ஐயும் சேர்த்தால் சரியாக 30,000. 2012 வரை டாட்டர்சால்ஸ், டாப்கோர்ப் என்ற இரு நிறுவனங்கள் இவற்றைக் கையில் வைத்திருந்தன. அதன் பின் உரிமங்கள் நேரடியாக மண்டபம் நடத்துவோருக்கே ஒதுக்கப்பட்டன. 2022 ஆகஸ்ட்டில் தொடங்கிய புதிய ஒதுக்கீடு இருபது ஆண்டுகளுக்கு, அதாவது 2042 வரை செல்லுபடியாகும். இவ்வுரிமங்களில் பாதி கழகங்களுக்கும் பாதி மதுச்சாலைகளுக்கும் உரியவை. அவை விற்கவும் வாங்கவும் கூடியவை. ஒரு கழக நடத்துநர் வைத்திருக்கக்கூடிய உரிமங்களின் உச்ச எண்ணிக்கையும் அண்மைய சீர்திருத்தத்தில் 420-இலிருந்து 840 ஆக இரட்டிக்கப்பட்டது. விளைவு என்ன? ஒரு உதைபந்தாட்டக் கழகம் மனச்சாட்சியோடு வெளியேறும்போது, மனச்சாட்சி உறுத்தாத இன்னொருவர் அதை வாங்கிப் பெரிதாகிறார். மொத்த எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைவதில்லை. கழகத்துக்கோ ஒரு தடவையில் பெருந்தொகை கிடைக்கிறது. அந்தத் தொகையின் மதிப்பே, இனி வரும் ஆண்டுகளில் அந்த இயந்திரங்களில் மக்கள் இழக்கப்போகும் பணத்தை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. அதாவது, ஆண்டுதோறும் வாங்கியதை ஒரே நாளில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சூதாட்டத்திலிருந்து விலகிவிட்டோம் என்று அறிக்கை விடுகிறார்கள்.

இதைக் கடுமையான சொல் என்று சிலர் கருதலாம். உறுப்பினர்களின் சொத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்க நிர்வாகிகளுக்கு உரிமை இல்லை என்ற எதிர்வாதம் உண்மையிலேயே வலுவானது. அவர்கள் சட்டப்படி கழகத்தின் நலனைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். ஆகவேதான் இந்தச் சுமையைக் கழகங்களின் தோளில் மட்டும் ஏற்றக்கூடாது என்கிறேன். மாநில அரசு உரிமங்களைத் திரும்ப வாங்கி இல்லாமல் செய்யும் வழியைத் திறந்துவைக்கவேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அல்ல. தலைநகர்ப் பிரதேச அரசு 2020-இல், பெருந்தொற்றால் கழகங்கள் மூடிக்கிடந்த வேளையில், ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு இயந்திர அனுமதிக்கும் 15,000 டொலர் கொடுத்து எண்ணிக்கையைக் குறைத்தது. போக்கிகளின் தலைமையகம் என்று சொல்லத்தக்க நியூ சவுத் வேல்ஸில்கூட, உரிமங்கள் மூன்று கொண்ட தொகுதியாகக் கைமாறும்போது அதில் ஒன்று அரசிடம் கழிந்துபோகும் என்ற விதியை 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். விக்டோரியாவில் விலகிய கழகங்கள் விற்ற உரிமங்களுக்கு அப்படியொரு விதியாவது இருந்திருந்தால், இன்று சில நூறு இயந்திரங்கள் இல்லாமற் போயிருக்கும்.

அரசு இதைச் செய்யத் தயங்குவதற்கான காரணமும் மறைவானதல்ல. அந்த மூன்று பில்லியனில் பெரும் பங்கு வரியாகக் கருவூலத்துக்குப் போகிறது. கழகங்களைவிடப் பெரிய அளவில் இந்த வருமானத்தில் ஊறிப்போனது அரசுதான். ஆனாலும் அசைவே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜூலையில் அன்றைய முதலமைச்சர் டானியல் ஆண்ட்ரூஸின் அரசு சில கட்டுப்பாடுகளை அறிவித்தது: புதிய இயந்திரங்களில் சுழற்சி வேகத்தைக் குறைப்பது, ஒரே தடவையில் இயந்திரத்தில் ஏற்றக்கூடிய தொகையை 1,000 டொலரிலிருந்து 100 ஆக்குவது, விளையாடுவோர் தம் இழப்புக்கு முன்கூட்டியே எல்லை விதிக்கும் அட்டையைக் கட்டாயமாக்குவது என்பன அவற்றுள் அடங்கும். 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்து கசினோவுக்கு வெளியே உள்ள மண்டபங்கள் அதிகாலை நான்கு மணி முதல் காலை பத்து மணி வரை இயந்திரங்களை நிறுத்தி வைக்கின்றன. முன்னர் ஒரு மண்டபம் மூடும் நேரத்தில் அடுத்தது திறந்திருக்கும்படி நேரத்தை மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். இரவு வேலை முடித்து வருகிறவர் இருபத்துநான்கு மணி நேரமும் எங்கோ ஓரிடத்தில் இயந்திரத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த வழி அடைபட்டது நல்ல காரியம்.

மண்டபங்களில் தடுத்தால் மக்கள் கைத்தொலைபேசியில் சூதாடப் போவார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இணையப் பந்தயத்தின் தீமை பெரியதுதான். மறைந்த நாடாளுமன்ற உறுப்பினர் பீற்றா மேர்பியின் தலைமையிலான குழு 2023 ஜூனில் அதன் விளம்பரங்களை முற்றாக நிறுத்தும்படி பரிந்துரைத்தது. ஆனால் ஒரு தீமையைச் சுட்டிக்காட்டி இன்னொன்றை வாழவிடுவது நியாயமாகாது. இந்த நாட்டில் கழகங்கள் பல, விளையாட்டை நேசி என்ற அரசுத் திட்டத்தில் கையெழுத்திட்டு, பந்தய நிறுவனங்களின் விளம்பரத்தைச் சட்டையில் அணியமாட்டோம் என்று சிறுவர்கள் முன் உறுதியளித்த அதே காலத்தில் புறநகரில் போக்கி மண்டபமும் நடத்தின. பந்தய நிறுவனத்தின் இலச்சினையை மறுத்ததை நான் பாராட்டுகிறேன். ஆனால் இலச்சினையை விடப் பல மடங்கு பணம் உள்ளே எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது.

சிறிய ஊர்க் கழகங்களின் நிலை வேறு என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நாட்டுப்புற நகரமொன்றில் இருபது முப்பது இயந்திரங்களோடு இயங்கும் ஒரு பந்து உருட்டும் கழகத்துக்கு ஒளிபரப்புப் பணமும் இல்லை, இலட்சம் உறுப்பினரும் இல்லை. அவர்களை நாளைக்கே நிறுத்தச் சொல்வது எளிது. புல்தரையை யார் பராமரிப்பது என்று சொல்வது கடினம். திரும்ப வாங்கும் திட்டம் ஒன்று வந்தால் அதன் முதற்பயன் இவர்களுக்கே போகவேண்டும். பெரிய கழகங்களிடம் எதிர்பார்க்கும் கண்டிப்பை இவர்களிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

நம் சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களின் பிறந்தநாள் விருந்துகளும், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களும், ஏன், விளையாட்டு விழாப் பரிசளிப்புகளும்கூட இத்தகைய மண்டபங்களில் நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். வாடகை குறைவு, சாப்பாடு மலிவு, வாகனம் நிறுத்த இடம் தாராளம். அந்த மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார் என்பது பக்கத்து அறையில் தெரியும். பெரும்பாலும் அந்த அறையின் கதவு, விருந்துக்குப் போகும் வழியிலேயே இருக்கும். சூதாட்டத்தால் கடன்பட்ட குடும்பத்தைப் பற்றி நம்மவர்கள் மெதுவான குரலில் பேசிக்கொள்வதும், நிதி சேகரிப்பு விருந்தை அதே மண்டபத்தில் வைப்பதும் ஒரே வாரத்தில் நடக்கக்கூடியவை. சங்க நிர்வாகிகள் இடம் ஒழுங்கு செய்யும்போது மாநகர சபை மண்டபம், பாடசாலை மண்டபம், கோயில் மண்டபம் என்று முதலில் விசாரிக்கலாம். சில நூறு டொலர் கூடச் செலவானால் அதை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பெறலாம்.

பெரிய கழகங்களில் உறுப்பினராக இருக்கும் தமிழர்களும் இப்போது ஏராளம். பிள்ளைகள் இங்கே பிறந்து வளர்ந்து அணிச் சட்டையோடு திரிகிறார்கள். உறுப்பினர் அட்டை ஆட்டம் பார்ப்பதற்கு மட்டும் உரியதல்ல, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசுவதற்கும் உரியது. இன்னும் இயந்திரங்களை வைத்திருக்கும் கழகத்தின் உறுப்பினர், எந்த ஆண்டில் விலகப்போகிறீர்கள் என்று கேட்கலாம். விலகிய கழகத்தின் உறுப்பினர் கேட்கவேண்டியவை வேறு: உரிமங்களை யாருக்கு விற்றீர்கள், அந்த இயந்திரங்கள் இன்று எந்தப் புறநகரில் இருக்கின்றன, விற்ற தொகையில் அந்தப் புறநகரின் கடன் ஆலோசனைச் சேவைக்கோ சூதாட்ட உதவிச் சேவைக்கோ எவ்வளவு போனது, உரிமங்களைத் திரும்ப வாங்கி ஒழிக்கும்படி மாநில அரசிடம் கழகம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறதா? இக்கேள்விகளை மேடைக்கு முன்னால் நின்று கேட்கத் தயங்குகிறவர்கள் கூட்டத்துக்கு முன்பே கழகச் செயலாளருக்கு எழுதி அனுப்பலாம். உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
மெல்பேர்ண், விக்டோரியா.